உன் காசில் எரியும் விளக்கு உன் பேச்சைக் கேட்கட்டும்

"நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகிறது?" இந்தப் பேச்சை இன்றோடு விட்டுத்தொலை, தம்பி!

ஊர் முச்சந்தியில் நிற்கும் உயர்கோபுர மின்விளக்கை அண்ணாந்து பார். தொகுதி மேம்பாட்டு நிதி என்று எழுதி, கூடவே உறுப்பினர் பெயரையும் பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்தப் பணம் அவர் பாட்டன் சொத்தா? நீ சோப்பு வாங்கும்போது கட்டிய வரி அது. உன் காசில் எரிகிற விளக்கு எப்படி எரிய வேண்டும் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

இப்போது எப்படி எரிகிறது? விளக்குகள் தரையைப் பார்க்காமல் சாய்ந்து எதிர்வீட்டு மாடியைப் பார்க்கின்றன. அந்த வீட்டுக்காரர் ஜன்னலில் பழைய சேலையைக் கட்டிவிட்டுத் தூங்குகிறார். எதிரே சைக்கிளில் வருகிறவருக்குக் கண் கூசுகிறது. புளியமரத்து நிழலில் யார் நிற்கிறார் என்பதோ தெரிவதில்லை. மிச்ச வெளிச்சம் வானத்துக்குப் போகிறது. வானத்தில் யார் நடக்கிறார்கள்? கரண்ட் பில் மட்டும் ஊராட்சிக்குத் தவறாமல் வருகிறது.

சின்ன ஊர்தானே என்று கூசாதே. அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்று ஓர் ஊர். 1958-ல் அதன் ஜனத்தொகை இருபதாயிரத்தைத் தொடவில்லை. விளம்பரத்துக்காக வானத்தில் சர்ச்லைட் சுழற்றக் கூடாது என்று அந்த நகரசபை சட்டம் போட்டது. அங்கேதான் லோவெல் வானாய்வகம் இருக்கிறது. 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்தது அங்கேதான். கண்டுபிடித்த கிளைட் டோம்பா, கன்சாஸ் விவசாயி மகன். அப்போது அவர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பழைய இயந்திர உதிரிகளை வைத்துத் தானே தொலைநோக்கி செய்த பிள்ளை! 2001-ல் உலகின் முதல் சர்வதேச இருள்வான் நகரம் என்ற பெயர் அந்த ஊருக்குக் கிடைத்தது. அங்கே இன்றும் தெருவிளக்கு எரிகிறது; தரையைப் பார்த்து எரிகிறது.

அதே 2001-ல் கொலராடோ மாநிலம் நேராகப் பணப்பையிலேயே கை வைத்தது. அரசுப் பணத்தில் புதிதாக விளக்கு போடுகிறாயா? ஒளி அதிகமென்றால் மேலே துளியும் கசியாத மூடி வேண்டும். வெளிச்சமும் அந்த வேலைக்குப் போதுமான குறைந்த அளவுதான். ஸ்லோவேனியா 2007-ல் கணக்கே கேட்டது: உள்ளாட்சியின் தெருவிளக்கு மின்சாரம் தலைக்கு ஆண்டுக்கு 44.5 யூனிட்டைத் தாண்டக் கூடாது. எனக்குப் பிடித்த விதி இதுதான். அழகு, அறிவியல் என்று கெஞ்சாமல் பில்லை நீட்டச் சொல்கிறது.

நமக்கென்ன இதில் என்கிறாயா? ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் வளையங்களின் தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வானம் பார்க்கிறது. அடிவாரத்து ஊர்கள் மேலே வீசுகிற வெளிச்சம் அதன் கண்ணில் விழும் தூசி. சென்னைக் கடற்கரையில் முட்டை உடைத்து வரும் ஆமைக்குஞ்சு, சாலை விளக்கைக் கடலென்று நம்பி ரோட்டுக்கு நகர்கிறது. அந்த விளக்கும் உன் காசில்தான் எரிகிறது.

அடுத்த கிராம சபைக்குப் போ. நகரத்துக்காரி என்றால், தங்கச்சி, ஏரியா சபைக்குப் போ. கிராம சபைக்கு ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதி முன்கூட்டியே தெரியும். "வெளிச்சத்தைக் குறைத்தால் திருட்டு நடக்கும், பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது, கேலி செய்யாதே. விளக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை, திருப்பச் சொல்கிறோம் என்று விளக்கு. மேலே வீணாகிற வெளிச்சம் தெருவில் விழுந்தால், நடக்கிற பெண்ணுக்கு எதிரே வருகிறவன் முகம் தெரியும். "நிதி இல்லை" என்பார்கள். திருகித் திருப்பக்கூடிய விளக்கென்றால் பிராக்கெட் நட்டைத் தளர்த்த ஒரு ஸ்பேனரும் லைன்மேனும் போதும். புதிதாக வாங்குவதற்கு மட்டும் விதி எழுதச் சொல்: மேலே மூடி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி, நள்ளிரவுக்குப் பின் பாதி வெளிச்சம்.

தலைவர் "பார்க்கலாம்" என்பார். கை தட்டிவிட்டு வந்துவிடாதே. தீர்மானப் புத்தகத்தை மேசைமேல் வைக்கச் சொல். எண் போட்டு, தேதி போட்டு, நீ சொன்னபடி எழுதும்வரை உட்காராதே!