நான்கு எல்லைகள்

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நான்கு எல்லைகளையும் தவறாமல் எழுதுகிறார். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் தேயிலைத் துண்டு, தெற்கே ஓடை, மேற்கே பாதை. அயலான் இல்லாமல் உறுதி இல்லை. ஆனால் விற்கும்போது அந்த அயலானிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டுமா?

இஸ்லாமிய சட்ட மரபு இக்கேள்வியை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஷுஃப்ஆ என்பது, விற்பனைக்கு வரும் காணியை வெளியாருக்கு முன்பாக வாங்கிக்கொள்ளும் உரிமை. ஹனஃபி மத்ஹப் அதைக் கூட்டுப் பங்காளிக்கும் அடுத்த வளவுக்காரனுக்கும் தருகிறது. இலங்கையில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் பங்காளியோடு நிறுத்திக்கொள்கிறது. இது அரபு நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் முன்வாங்கும் உரிமை உண்டு. 1947இல் அதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களின் வளவுக்குள் தமக்கிருந்த இரண்டு வீடுகளை அவரிடமே விற்க வருகிறார் அபூ ராஃபிஉ (ரழி). நாலாயிரத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையில்தான் என்கிறார் ஸஅத். வெளியிலே 500 தீனாருக்குக் கேள்வி இருந்தது. அயலவரின் உரிமை பற்றி நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருந்ததால் அபூ ராஃபிஉ ஸஅதுக்கே கொடுத்துவிடுகிறார். இங்கே அயலவர் என்பது பங்காளியைக் குறிக்கும் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் விளக்குவார்கள். சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எந்தக் காழியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லையே!

பதுளையில் காணியின் விலை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். 1924இல் ரயில் வந்தது, தேயிலைக்காக வந்தது. கடைவீதியை வளர்த்தது தோட்டத்துச் சம்பள நாள். நம்மவர் கடைகளின் கடன் கொப்பிகளை நிரப்பியவர்கள் ஹாலிஎல, பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட மக்கள். 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் உருவானபின் பசறை வீதியில் போடிங் அறைக்கும் கிராக்கி வந்தது. காணிக்காரர் ஒரு கல்லைக்கூட நகர்த்தியிருக்கமாட்டார். ஆனாலும் விலை ஏறியது.

அப்படி ஏற்றிவிட்டவர்களில் பெரும்பகுதியினர் எந்த உறுதியிலும் எல்லையாகக்கூட எழுதப்படாதவர்கள். லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். 1948இன் சட்டம் அவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் கம்பனிகளிடம் வந்தன. துரைமார் மாறினார்கள், காம்பரா அப்படியே இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடமென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு அவர்களுக்குச் சொந்தமாக எந்தக் காணி இருந்தது? அதன்பிறகுதான் ஏழு பேர்ச் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். நூற்றைம்பது வருட உழைப்புக்கு ஏழு!

தோட்டத்தை விட்டு இறங்கி, நாலு காசு சேர்த்து, டவுனில் ஒரு துண்டுக் காணி தேடி வருபவரிடம் நம்மவர் சொல்வது, "நம்மட ஆளுக்குத்தான் குடுக்கிற." இதில் பயமும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 1990இல் வடக்கையும் 2014இல் அளுத்கமையையும் 2018இல் திகனையையும் பார்த்த சமூகம், பள்ளிவாசலைச் சுற்றி நெருங்கி வாழ விரும்புவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு மார்க்கத்தின் போர்வையைப் போர்த்துவது வேறு விஷயம். ஷுஃப்ஆ உரிமை முஸ்லிமல்லாதவருக்கும் உண்டென்றே அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ மூன்று இமாம்களும் சொன்னார்கள். இமாம் அஹ்மத்தான் மறுத்தார். வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டவர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி). நம் நிலை அதைவிட இலகுவானது. இங்கே அயலவர் நம் மொழியே பேசுகிறார்.

அடுத்த வளவில் பல வருடமாக வாடகைக்கு இருக்கும் ஒரு தோட்டத்துக் குடும்பம், வெளியார் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைத்து, தவணைக்குத் தருவீர்களா என்று நம்மில் ஒருவரிடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸஅத் (ரழி) கேட்டதும் குறைந்த விலைதான், தவணைதான்.