பேருக்கு முன்னால் ரகம்

அமெரிக்காவில் சிறிய விமானம் ஓட்டுபவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை முதலில் அழைக்கும்போது பதிவெண்ணோடு நிறுத்துவதில்லை. ‘செஸ்னா’ என்றோ ‘பைப்பர்’ என்றோ ரகத்தை முன்னால் வைக்கிறார். பேச்சு தொடர்ந்தால் கோபுரம் பதிவெண்ணைக் கடைசி மூன்று எழுத்தாகச் சுருக்கிக்கொள்ளலாம். ‘செஸ்னா’ அப்படியே நிற்கும்.

பேர் எவ்வளவு லேசானது என்பதற்கு 1974 ஆகஸ்ட் 9 சாட்சி. பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்சன் வானில் இருக்கும்போதே வாஷிங்டனில் ஃபோர்டு புதிய அதிபராகப் பதவியேற்றார். நிக்சனின் விமானி கேன்சஸ் சிட்டி கட்டுப்பாட்டு மையத்தை அழைத்து, அதிபர் பறக்கும் விமானத்துக்கே உரிய ‘ஏர் ஃபோர்ஸ் ஒன்’ என்ற அழைப்புப் பேரை ‘எஸ்ஏஎம் 27000’ என மாற்றச் சொன்னார். அதே போயிங் 707, அதே நான்கு எஞ்சின்.

அப்படியானால் ரகம்தான் மெய்யா? இந்தியத் தத்துவத்தில் நியாய தரிசனத்தார் ஆம் என்பார்கள்: எல்லாப் பசுக்களிலும் பசுத்தன்மை என்ற ஒன்று நிஜமாகவே உறைகிறது. பௌத்தரான தர்மகீர்த்தி ஒப்பமாட்டார். பொதுத்தன்மை மனம் கட்டிய கற்பனை, விளைவை உண்டாக்க வல்லதே மெய் என்பது அவர் கட்சி.

இது வெறும் பட்டிமன்றமல்ல. பறக்கும் விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து இரண்டு காற்றுச் சுழல்கள் கிளம்பி, பின்னால் மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். பின்தொடரும் சிறு விமானத்தை அவை புரட்டிப்போடும். அதனால்தான் பெரிய விமானங்கள் தம் அழைப்புப் பேரோடு ‘ஹெவி’ என்றும், ஏ380 ‘சூப்பர்’ என்றும் சேர்த்துச் சொல்கின்றன. கேட்பதற்குப் பட்டம் போலிருந்தாலும், பின்னால் வருபவருக்கு அது எச்சரிக்கை.

1993 டிசம்பர் 15 அன்று கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில் போயிங் 757 ஒன்றின் பின்னால் தரையிறங்க வந்த ‘வெஸ்ட்விண்ட்’ ஜெட், அதன் சுழலில் சிக்கி விழுந்தது. ஐந்து பேர் இறந்தனர். அன்றைய ‘ஹெவி’ வரம்பு 3,00,000 பவுண்டு. 757 அதற்குக் கீழே. ஏட்டின்படி அது ‘ஹெவி’ அல்ல, சுழலோ எடைக்கு மீறியது.

தர்மகீர்த்தி ஜெயித்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் அதிகாரிகள் ரகங்களைத் தூக்கி எறியவில்லை. 757-க்கென்றே தனி இடைவெளி வகுத்தார்கள். ஒவ்வொரு விமானத்தின் சுழலையும் தனித்தனியே அளந்துவிட்டு வழிவிட எந்தக் கோபுரத்தாலும் முடியாது. அந்த மட்டில் நியாயத்தார் கையும் ஓங்கியே இருக்கிறது. 2012-ல் மெம்பிஸ் விமான நிலையத்தில் வகைகளையே திருத்தினார்கள்: எடையோடு இறக்கை நீளமும், இறங்கும் வேகமும் கணக்கில் சேர்ந்தன.