கைமாறிய பொருளும் கைமாறாத பொறுப்பும்

தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிகழும் தீங்குக்கு ஒருவர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்ற கேள்வியை இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்டுள்ளன. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் கண்டது. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் துறவி இறைச்சியை ஏற்கலாம் என்று ஜீவக சூத்திரம் அனுமதித்தது. சமணரின் தத்துவார்த்த சூத்திரமோ, உயிருக்குக் கேடு விளைவிக்கும் இம்சையைக் கவனமின்மையோடு பிணைத்து வரையறுத்ததால், அறியாமல் செய்தேன் என்பது அங்கே எளிதில் விடுதலை தருவதில்லை. இட்டதை உண்ணும் துறவிக்குப் பௌத்த விதி பொருந்தலாம். விலை கொடுத்து வாங்குவோருக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. உண்பார் இல்லையெனில் விற்பாரும் இல்லை என்று காட்டும் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், வாங்கும் கையையும் கொல்லும் கையையும் ஒரே தொடரில் வைக்கிறது.

சுற்றுச்சூழல் சார்ந்த பொருட்கொள்கை இதே கேள்வியைச் சட்டமாக்க முயல்கிறது. கனிமத்தைத் தோண்டுவது முதல் உற்பத்தி, போக்குவரத்து, பயன்பாடு, கழிவு வரை ஒரு பொருளின் எல்லாக் கட்டங்களையும் ஒருசேர மதிப்பிடுவதே வாழ்க்கைச் சுழற்சி நோக்கு எனப்படுகிறது. ஐரோப்பிய ஆணையம் 2003இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த பொருட்கொள்கை அறிக்கை இதையே அடிப்படையாகக் கொண்டது. விற்ற பின்னும் பொருளின் கழிவுக்குத் தயாரித்தவரே பொறுப்பு என்னும் கோட்பாட்டை 1990இல் சுவீடனின் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் வகுத்துரைத்தார். மறு ஆண்டே ஜெர்மனி பொதிகட்டும் பொருள்களுக்கு அதைச் சட்டமாக்கியது. ஒரு கருவி எதனால் ஆக வேண்டும், எளிதில் பிரிக்கத் தக்கதாக இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார் என்பதால், முதற்சுமை அவர் மீது விழுவது நியாயமே.

வணிகத்தில் இதன் பொருள் என்ன என்பதை 2001இன் இறுதியில் நெதர்லாந்து காட்டியது. இணைப்புக் கம்பிகளில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் அனுமதித்த அளவை மீறியிருந்ததால், சோனி நிறுவனத்தின் சுமார் 13 லட்சம் விளையாட்டுக் கருவிகள் அங்கே தடுத்து நிறுத்தப்பட்டன. கம்பியை வழங்கியவர்கள் வேறு நிறுவனத்தாராயினும் இழப்பு பெயர் பொறித்தவருக்கே நேர்ந்தது. அதன்பின் அந்நிறுவனம் தனக்குப் பொருள் வழங்குவோர் அனைவரையும் சோதித்துத் தகுதி வழங்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அறியாதிருத்தல் இங்கே சாக்காக ஏற்கப்படவில்லை, விசாரித்து அறிவதே கடமையாயிற்று. இதை அறவியலில் நிகழ்ந்த உண்மையான முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் விசாரணை எங்கே நிற்பது என்பது எளிதாகத் தீராத சிக்கல். ஐரோப்பா 2006 ஜூலை முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோது, மின்சுற்றுப் பலகைகளைப் பற்றவைக்க வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த கலவைகள் பரவலாயின. பழைய கலவை 183 பாகையில் உருகும். புதியது ஏறத்தாழ 217 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கேட்கிறது. ஈயத்தின் நச்சு குறைந்தது, ஆனால் உலையின் மின்செலவு கூடியது. வெள்ளி எடுக்கும் சுரங்கத்தின் பாதிப்பும் கணக்கில் ஏறியது. ஒரு கட்டத்தில் நீக்கிய தீங்கு வேறு கட்டத்துக்கு இடம்பெயர்வதைக் கண்டுபிடிக்கவே முழுச் சுழற்சியையும் பார்க்க வேண்டியுள்ளது, எனினும் ஈயத்தின் நஞ்சையும் மின்சாரத்தின் புகையையும் எந்தத் தராசில் ஒப்பிடுவது என்பதற்கு எந்த அளவுகோலும் தானாக விடை தராது.

ஆகவே கணக்கின் எல்லையை வகுப்பது தொழில்நுட்பச் செயலாகத் தோன்றினும் அறத் தீர்ப்பாகவே இருக்கிறது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்கான ஐஎஸ்ஓ 14040 தரநிலை அந்த எல்லையை வெளிப்படையாகக் கூறும்படி ஆய்வாளரைக் கட்டாயப்படுத்துகிறது. இரு பொருள்களை ஒப்பிட்டு அதன் முடிவைப் பொதுமக்களிடம் அறிவிக்கும் ஆய்வுகளுக்கு மறுபரிசீலனைக் குழுவும் தேவை என்கிறது. அத்தகைய குழுவில் விற்பவரும் வாங்குபவரும் மட்டுமன்றி, சுரங்கத்தருகே வாழ்வோரும் பழைய கருவிகளை வெறுங்கையால் உடைத்துப் பிரிப்போரும் இடம்பெறாத வரை, எது பொருட்படுத்தத் தக்க தீங்கு என்பதை அத்தீங்கு தீண்டாதவர்களே முடிவு செய்வார்கள்.