யுதிஷ்டிரனின் நாய்

காப்பகத்திலிருந்து அழைத்துவந்த நாய் மூன்று வாரமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வைத்த சோற்றை, நான் அறையை விட்டுப் போன பிறகுதான் தின்னும். வங்கிக்குக் கிளம்பும்போது கொடியிலிருந்து பெல்ட்டை உருவினால் நடுங்குகிறது. யாரோ, எப்போதோ, அடித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வருகிறது. அடித்தவன் மீதல்ல, நாய் மீது. போட்ட சோற்றுக்கு வட்டி கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பிரக்ஞை பிறகுதான் வந்தது (தொழில் புத்தி).

மகாபாரதத்தின் 17ஆம் பர்வத்தில், அஸ்தினாபுரத்திலிருந்து கூடவே வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேற மறுக்கிறான் யுதிஷ்டிரன். நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். உடனே நாய் தர்மதேவதையாகிவிடுகிறது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. வெறும் நாயாகவே நின்றிருந்தால் அவன் மறுத்ததற்கு மதிப்புக் குறைந்திருக்குமா? சாயங்காலம் நாங்கள் செய்வதுபோல வியாசரும் கணக்கை நேர்செய்துவிடுகிறார்.

நேற்றிரவு, நான் தூங்கிவிட்டதாக நினைத்தோ என்னவோ, வெளியே வந்து கட்டிலிலிருந்து தொங்கிய என் கையை முகர்ந்தது. அசையாமல் கிடந்தேன். திரும்பவும் உள்ளே போய்விட்டது.