வாய் பொத்திய கை

அனுமனைப் பற்றித் தமிழில் பேசப்படுவது பெரும்பாலும் அவன் பேச்சைப் பற்றித்தான். கம்பன் ராமன் வாயால் அவனுக்குச் சூட்டிய 'சொல்லின் செல்வன்' என்ற பட்டத்தை மேடைக்காரர்கள் இத்தனை வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து, இன்று அது எந்தப் பேச்சாளருக்கும் போர்த்தத்தக்க பொன்னாடையாகிவிட்டது. இலங்கையிலிருந்து திரும்பியவன், சீதையைப் பற்றிய வேறெந்தச் சொல்லுக்கும் முன்னால் கண்டதைச் சொல்லும் வினையை வைத்தான் என்ற நுட்பத்தைக் கேட்காமல் இங்கே ஒருவன் பள்ளிப்படிப்பை முடிக்க முடியாது. நுட்பம்தான்; மறுக்கவில்லை. ஆனால் சில காலமாக என்னைத் தொந்தரவு செய்வது அவன் பேசிய இடமல்ல, பேசாத இடம்.

யுத்தம் முடிந்துவிட்டது. சீதையை அழைத்துவருகிறார்கள். வால்மீகியின் ராமன் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறான்: உனக்காக நான் போர் செய்யவில்லை, என் குலத்தின் மானத்துக்காகச் செய்தேன்; நீ எங்கு வேண்டுமானாலும் போகலாம். போகக்கூடிய இடங்களாக லட்சுமணன், பரதன், சுக்ரீவன், விபீஷணன் என்று பெயர்களையும் அடுக்குகிறான். (அனுமன் பெயர் அதில் இல்லை. இதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, மறதி என்றா, எனக்குத் தெரியவில்லை.) சீதை சிதை மூட்டச் சொல்கிறாள். லட்சுமணன் கோபத்தோடு அண்ணனைப் பார்க்கிறான். முகக்குறிப்பைப் புரிந்துகொண்டு மூட்டுகிறான். காலனைப் போல் நின்ற ராமனைச் சமாதானப்படுத்தவோ, அவனிடம் பேசவோ, ஏறிட்டுப் பார்க்கவோ நண்பர்களில் ஒருவராலும் முடியவில்லை என்கிறான் வால்மீகி. அந்த 'ஒருவராலும்' என்பதற்குள் அனுமனும் அடங்கிவிடுகிறான். அசோகவனத்தில் அவளைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அங்கிருந்தவர்களில் சாட்சி சொல்லும் தகுதி வேறு யாருக்கும் இல்லை.

சேவகன், உத்தரவில்லாமல் எப்படிப் பேசுவான் என்று கேட்கலாம். ஆனால் உத்தரவுக்குள் நிற்கிற சேவகனாக ராமாயணம் அனுமனை எங்குமே காட்டவில்லை. அவனை அனுப்பியது சீதையைத் தேடிவரத்தான். தேடிக் கண்டுபிடித்தபின் உடனே திரும்பியிருக்க வேண்டும். அவன் யோசிக்கிறான்: சொன்ன காரியத்துக்குக் கேடு வராமல் மேலும் பல காரியங்களைச் சாதிப்பவனே நல்ல தூதன். இந்த சித்தாந்தத்தை வைத்துக்கொண்டுதான் வனத்தை அழிக்கிறான், பிடிபடுகிறான், ஊரையே கொளுத்துகிறான். யுத்த காண்டத்தின் தொடக்கத்தில் ராமனே இதற்கு முத்திரை குத்துகிறான். இட்ட கடினமான வேலைக்கு மேல் அன்பினால் மற்றொன்றும் செய்பவன் உத்தமன். இட்டதை மட்டும் செய்துவிட்டு, முடிந்தும் மேற்கொண்டு செய்யாதவன் மத்திமன். முடிந்தும் இட்டதைக்கூடச் செய்யாதவன் அதமன். எஜமானன் கொடுத்த இந்த அளவுகோலை அந்தச் சிதையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அன்று உத்தமன் யாரும் அங்கே இல்லை.

இதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கேள்வி கிளைத்தது அங்கிருந்துதான். வெற்றிச் செய்தியோடு சீதையிடம் அனுமனை அனுப்புகிறான் ராமன். செய்தி சொல்லி முடித்ததும் அவன் ஒரு வரம் கேட்கிறான்: உங்களை இத்தனை மாதம் வதைத்த இந்த அரக்கியரைக் கொல்ல அனுமதி கொடுங்கள். எப்படியெல்லாம் கொல்வேன் என்பதையும் விரிவாகவே சொல்கிறான். சீதை மறுக்கிறாள். இவர்கள் அரசனுக்கு அடங்கியவர்கள், அவன் ஏவலால் செய்தார்கள், அடிமைகள் மேல் யார் கோபித்துக்கொள்வார்கள் என்கிறாள். புலிக்குக் கரடி சொன்ன பழைய வார்த்தை ஒன்றை நினைவுபடுத்துகிறாள். தன்னைக் கீழே தள்ளப் பார்த்த வேடனைக்கூடப் புலிக்குக் கொடுக்க மறுத்த கரடியின் கதை அது. தவறே செய்யாதவர் யாரும் இல்லை என்றும் சொல்கிறாள்.

பராசர பட்டர் ஸ்ரீகுணரத்ன கோசத்தில் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். ராமன் காத்தது சரணம் என்று வந்தவர்களை. இவளோ கேளாதவர்களை, குற்றத்தின் ஈரம் காயாதவர்களை, அதுவும் வாயுபுத்திரனிடமிருந்து காப்பாற்றினாள். ராமனுடைய கோஷ்டியே அதனால் எடை குறைந்துவிட்டது என்கிறார். வைஷ்ணவ மரபில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். நம் நவீன விமர்சகர்கள் இந்த மாதிரி இடங்களைப் படிப்பதில்லை; வியாக்யானம் என்றாலே விபூதி, நாமம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நஷ்டம் நமக்குத்தான்.

சீதையின் வாதத்தை ஒரு பொது விதியாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பதைத்தான் 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் ஐக்மன் சொன்னான். அதற்கு முன்பே, 1950இல், ஐ.நா.வின் சர்வதேசச் சட்டக் குழு வகுத்த நூரெம்பெர்க் கோட்பாடுகள் அந்தச் சாக்கை மறுத்துவிட்டன; தார்மீகத் தேர்வு உண்மையில் சாத்தியமாக இருந்தால், மேலதிகாரியின் உத்தரவு ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. அப்படியானால் சீதை சொன்னது தப்பா? எனக்கு அப்படிப் படவில்லை. யார் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரக்கியர் தாங்களே 'நாங்கள் ஏவலாட்கள்' என்று சொல்லியிருந்தால் அது சாக்கு. வதைபட்டவள் சொன்னதால் அது மன்னிப்பு. வார்த்தை ஒன்றேதான், வாய் மாறினால் அர்த்தம் மாறிவிடுகிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் பிரிவில் இருந்த நாட்களில், தவணை தவறியவர்களுக்கு ஏல நோட்டீஸ் தயாரித்து அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. நோட்டீஸோடு கவுண்டருக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதற்கென்று பிரிவில் எல்லோரிடமும் தயாராக ஒரு வாக்கியம் உண்டு: மேலிடத்து உத்தரவு. ஒரு தடவை வயசான அம்மாள் ஒருவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி, உங்களுக்கு வந்த உத்தரவு" என்று சொல்லிவிட்டார். ரெண்டு பவுன் சங்கிலி அவருடையது. என்னிடம் இருந்ததும் அதே வாக்கியம்தான். அவர் சொன்னபிறகு அதை என்னால் சொல்ல முடியவில்லை.

அனுமன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதுதான் முக்கியம். சேவகர்களைக் குற்றம் சொல்லாதே என்று உலகத்தின் மிகப் பெரிய சேவகனிடம் சொல்கிறாள் அவள். சிறிது நேரத்தில் அவனும், வாய் திறக்காத மற்றவர்களும் அந்த வாக்கியத்தின் நிழலிலேயே வந்து நிற்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் ஒரு நண்பரோடு பேசினேன். அவருடைய பதில் வேறு: அனுமன் பேசாததற்குக் காரணம் பயமோ கீழ்ப்படிதலோ அல்ல, அவனுக்குத் தெரியும். சுந்தர காண்டத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஊரைக் கொளுத்தியபின் திடீரென்று அவனுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. சீதையும் இதில் வெந்திருப்பாளோ? தன் கோபத்தைச் சபிக்கிறான், செத்துவிடலாமா என்றுகூட நினைக்கிறான். பிறகு தெளிகிறான். என் வாலைச் சுடாத நெருப்பு அவளையா சுடும்? அவள் தவத்தாலும் சத்தியத்தாலும் நெருப்பையே எரித்துவிடுவாளே தவிர, நெருப்பு அவளை எரிக்காது. அனுமன் மனசில் ஓடிய இந்த எண்ணத்தைக் கம்பன் பின்னால் நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டான். அங்கே அவள் கற்பின் சூடு தாங்காமல் அலறுகிறவன் அக்கினி. ஆகவே, நண்பர் சொன்னார், முடிவு தெரிந்தவன் ஏன் பதற வேண்டும்?

நல்ல வாதம். ஆனால் நெருப்பு சுடுமா சுடாதா என்பது அல்லவே பிரச்னை. அவளைச் சுட்டது ராமன் பேச்சு. அது நெருப்பு மூட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. சொல்லின் செல்வனுக்கு இது தெரியாமலா இருக்கும்? மேலும், அவன் வால் சுடாமல் போனதற்குக் காரணம் ஒன்று இருந்தது. வாலில் தீ வைத்து இழுத்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட சீதை, அவனுக்குக் குளிர்ந்திரு என்று அக்கினியை வேண்டினாள். அவள் தீயில் இறங்கியபோது அவளுக்காக அப்படி வேண்டிக்கொண்டவர் ஒருவருமில்லை.

பேசவே தெரியாதவன், தடுக்கவே தெரியாதவன் என்றால் விட்டுவிடலாம். கம்பனில் இதற்கு அப்புறம் நந்திக்கிராமம் வருகிறது. பதினாலு வருஷக் கெடு முடிகிறது, அண்ணன் வரவில்லை, பரதன் தீயில் இறங்கத் தயாராகிறான். ராமன் அனுப்பிய அனுமன் வந்து சேர்கிறான். ராமன் வந்துவிட்டான் என்று கூவிக்கொண்டே கையால் அந்த நெருப்பை அணைத்துக் கரியாக்குகிறான். அற்புதமான இடம். எப்போது படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இப்போது கூடவே இன்னொன்றும் வருகிறது: நெருப்பை அணைக்கத் தெரிந்த கைதான் அது. பரதன் எரியக்கூடாது என்பது எஜமானன் விருப்பம். மற்ற நெருப்பு எஜமானனுக்கு வேண்டியிருந்தது.

புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசன'த்தில் இந்த நெருப்பைத்தான் அகலிகையின் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கே கேள்வி கணவன் மனைவி சம்பந்தப்பட்டது, ராமனை நோக்கியது. பக்கத்தில் நின்ற சேவகனை அவர் கேட்கவில்லை. அவர் கதைக்கு அது தேவைப்படவில்லை.

வழிபாடு இதை வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டது. வைஷ்ணவர்கள் கருடனைப் பெரிய திருவடி என்றும் அனுமனைச் சிறிய திருவடி என்றும் சொல்கிறார்கள். பாதத்துக்கு அபிப்பிராயம் கிடையாது. தென்னாட்டு ராமர் செப்புத் திருமேனிகளின் வரிசையில் அனுமன் வலக்கையால் வாய் பொத்தி, சற்றுக் குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கலாம். பணிவின் அடையாளம் என்பார்கள். நாமக்கல்லில் அப்படியில்லை. அங்கே 18 அடி உயரத்தில், மேலே கூரை இல்லாமல், எதிரே மலையடியில் இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கை கூப்பி நிற்கிறான். இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் கூரை போடவில்லை என்பது ஐதிகம். வடைமாலை, வெண்ணெய்க் காப்பு எல்லாம் உண்டு. வெற்றிலை மாலைக்குச் சொல்லப்படும் கதை மட்டும் எனக்குப் பிடிக்கும்: அசோகவனத்தில் பூ கிடைக்காமல், சீதை ஒரு வெற்றிலையை எடுத்து அவன் தலையில் வைத்து ஆசீர்வதித்தாளாம்.

வால்மீகியிலும் அவனுக்குக் கடைசியாகக் கொடுப்பவள் அவள்தான். பட்டாபிஷேகத்தன்று ராமன் ஒரு முத்து மாலையைச் சீதையிடம் கொடுக்கிறான். அவள் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வானரர்களையும் கணவனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். யார்மேல் உனக்குப் பிரியமோ அவனுக்குக் கொடு என்கிறான் ராமன். அவள் அனுமனுக்குக் கொடுக்கிறாள். என்ன நினைத்துக் கொடுத்தாள் என்று வால்மீகி சொல்லவில்லை. பிற்காலக் கதைகளில் அவன் அந்த முத்துக்களை ஒவ்வொன்றாகக் கடித்து உள்ளே ராமன் இருக்கிறானா என்று தேடுகிறான்; சபை சிரிக்கிறது; மார்பைக் கிழித்துக் காட்டுகிறான். எங்கள் தெரு மளிகைக்கடைக் காலண்டரில் அந்தப் படம்தான் இருக்கிறது. கிழிந்த மார்புக்குள் ராமனும் சீதையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.