விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, இதுல என்ன பாரபட்சம்?" அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. அமெரிக்காவின் 401கே ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் இதை ஏற்பதில்லை. அங்கே சேமிப்பது அவரவர் விருப்பம், சேமித்தால் வரிச்சலுகை. கூடுதல் சம்பளக்காரரால்தான் கூடுதலாகச் சேமிக்க முடியும். எனவே நிறுவனம் வருடாவருடம் ஒரு சோதனை நடத்த வேண்டும். சாதாரண ஊழியர்கள் சராசரியாகச் சம்பளத்தில் 3 சதவீதம் சேமித்தால், உயர்சம்பளக்காரர்களின் சராசரி 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுகிற எனக்கு இது சில வரி நிரல்தான். ஆனால் அதற்குள் ஒரு அறக்கேள்வி இருக்கிறது: வரிச்சலுகை பொதுப்பணம் என்றால், அது யாருக்குப் போய்ச் சேருகிறது?

சோதனையில் தேறாவிட்டால், பெரும்பாலும் மேலே இருப்பவர்களின் உபரியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு நேராகிவிடும், கீழே இருப்பவருக்கு ஒரு காசு கூடியிருக்காது. இன்னொரு வழியும் உண்டு. நிறுவனமே எல்லாருக்கும் 3 சதவீதம் போட்டுவிட்டால் சோதனையே தேவையில்லை. வெட்டியும் சமமாக்கலாம், கொடுத்தும் சமமாக்கலாம்.

நம் பி.எஃப். சட்டம் 1952-இலேயே கட்டாயத்தைத் தேர்ந்தெடுத்தது. இன்று பொதுவாக ஊழியர் 12, நிறுவனம் 12. விருப்பப்பட்டால் ஊழியர் கூடுதலாகவும் போடலாம். 2021 ஏப்ரலிலிருந்து ஊழியர் பங்கு வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், உபரிக்கான வட்டிக்கு வரி. மேலே வெட்டியாயிற்று. கீழே?

திருமயத்தில் பெல் நிறுவனத்தின் குழாய்த் தொழிற்கூடம் இருக்கிறது. அதன் வாசலுக்குள் பி.எஃப். உண்டு. கடைத்தெருவில் ஆறு பேர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்குக் கட்டாயமில்லை. சட்டத்தின் எல்லை 20 பேர். கடைக்காரர் 12 சதவீதத்துக்கு எங்கே போவார் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் இலை எடுக்கிற அக்காவும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். என் வரிச்சலுகையில் அவர் பங்கும் இருக்கிறது.

அவரைப் போன்றவர்களுக்கென 2019-இல் ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் வந்தது. வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அரசும் அதே அளவு போடும். கட்ட முடியாதவருக்கு அரசின் பங்கும் கிடையாது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒன்றல்ல. அமெரிக்கச் சோதனை சராசரியாவது எடுக்கிறது. நம் கணக்கில் அந்த அக்காவின் பெயர் இன்னும் ஏறவில்லை. முதலில் பட்டியல் முழுசாக வேண்டும். சராசரியெல்லாம் அப்புறம்.