ஏழாவது கேள்வி

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் வீட்டுவேலை பார்க்கிற எங்க சின்னம்மாவுக்கு ஆறு மாசமாய்த் தூக்கமில்லை. தலைவலி, நெஞ்சடைப்பு, உடம்பெல்லாம் எரிச்சல். ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லம்மா" என்றார்கள். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். சின்னம்மா கைநாட்டு. தாளை வாங்கிக்கொண்டு மைப்பெட்டியைத் தேடியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தத் தாளுக்குப் பெயர் பி.எச்.க்யூ-9. அமெரிக்காவில் க்ரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்டது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம், மேலே விசாரிக்க வேண்டும்.

நான் வாசித்துக் காட்டினேன். 'இரண்டு வாரம்' பிடிபடவில்லை. 'போன அமாவாசையிலிருந்து' என்றதும் விரல்விட்டு எண்ணியது. ஏழாவது கேள்வி: பேப்பர் படிப்பது, டி.வி. பார்ப்பது போன்றவற்றில் மனம் ஒன்றவில்லையா?

"பேப்பரு நான் எங்கடி படிச்சேன்?"

மதிப்பெண் பூஜ்யம். குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு ஏச்சு வாங்கிய கதையை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

ஆறாவது கேள்வி, உங்களை நீங்களே மட்டமாக நினைக்கிறீர்களா என்பது. "நானாடி நெனச்சேன்? அவங்கல்ல நெனைக்கிறாங்க" என்றது. வேலை செய்கிற வீட்டில் அதற்குத் தனி டம்ளர்.

இது நோயா, சாதியா? சாதி செய்த காயத்துக்கு நோயென்று பெயர் வைத்து மாத்திரை கொடுப்பது மோசடி என்று தோழர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்பதாவது கேள்வி, செத்தால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அதை வரிசையில் வைத்துக் கேட்க வாய் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "கடலு பக்கத்துலதான இருக்கு" என்றது.

ஆண்டை அடித்துக் கால் உடைந்தால் வழக்கும் போடுகிறோம், எலும்பும் கட்டுகிறோம். வழக்கு முடியட்டும் என்று கட்டுப்போடாமல் யாரும் இருப்பதில்லை. சாதி ஒழிகிறவரை சின்னம்மா தூங்காமல் கிடக்கட்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்கிற மருத்துவர் 2006இல் 14 பாட்டிமாரைப் பழக்கி, மரபெஞ்சில் உட்கார்ந்து சனங்களிடம் பேசவைத்தார். ஷோனா மொழியில் இந்தத் துயரத்துக்கு 'குஃபுங்கிசிசா', அதாவது ஓயாத யோசனை என்று பெயர். அங்கே கேள்விகளும் அந்தச் சனங்களின் பேச்சிலேயே இருந்தன. ஆமாம், இல்லை என்றால் போதும். நம் சனமும் "ஒரே யோசனையா இருக்கு" என்றுதானே சொல்கிறது!

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சாதி வேறுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. வாசிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கிற கதவும் வேறுபாடுதான். கேள்வியை வாசித்துக் காட்டட்டும். எங்கள் பேச்சில், தனி இடத்தில், அவசரமில்லாமல் கேட்கட்டும். ஒன்பதாவதைத் தாண்டிப் போகாமல் கேட்கட்டும்.

சின்னம்மா இப்போது மருந்து சாப்பிடுகிறது, தூங்குகிறது. தனி டம்ளர் வீட்டை விட்டுவிட்டது.